பெற்றோல் வரிசையில் நிற்காத கார்



சென்ற மாதம் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை எனக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருந்தார். அதில் முக்கியமான பகுதியை மட்டும் இங்கே தருகிறேன்.

"அக்கா, நீங்கள் மின்சாரக் கார் வைத்திருப்பதாக முன்பொருமுறை இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரில் ஒருவர் தன்னுடைய பழைய மின்சாரக் காரை விற்கப்போகிறார். முற்பணத்துக்கு என் நகையை அடகு வைக்கலாம். மிச்சத்துக்கு லீசிங் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். மாதம் 38,000 ரூபா வீதம் ஐந்து வருடம் கட்டவேண்டும். காணி உறுதியையும் பிணையாகக் கேட்கிறார்கள். எட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினால் மாதம் 40,000 ரூபா உழைக்கலாம். பெற்றோல் செலவே இல்லை என்கிறார்கள். வாங்கலாமா அக்கா? அவர் போனபிறகு இரண்டு பிள்ளைகளோடு இந்தக் காணியை நம்பித்தான் இருக்கிறேன்."

இந்தக் கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். 'வாங்குங்கள்' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒற்றை வார்த்தையில் பதில் எழுதிவிட மனம் வரவில்லை. மின்சாரக் காரினால் நான் அடைந்த நன்மை கொஞ்சநஞ்சம் அல்ல. ஆனால் காணி உறுதி என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஆகவே என் அனுபவத்தை முழுமையாகச் சொல்லி, கடைசியில் அந்தத் தங்கைக்கு என் பதிலையும் சொல்கிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்றச் சகோதரிகளுக்கும் இது உதவக்கூடும்.

எனக்கு ஏன் கார்?

2009 இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள் நான். செயற்கைக் காலோடு நடக்கிறேன், சமைக்கிறேன், தையல் இயந்திரம் மிதிக்கிறேன். ஆனால் பரந்தனிலிருந்து கிளிநொச்சிக்குப் பஸ்ஸில் போய்வருவது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. தைத்த உடுப்பு மூட்டையோடு, பிடிக்கக் கம்பி இல்லாத நெரிசலில், பஸ் சட்டென்று பிறேக் போட்டால் என் நிலை என்னவென்று யோசித்துப் பாருங்கள். ஸ்கூட்டி பழகிப் பார்த்தேன். நிறுத்தும்போது இடது காலை ஊன்றவேண்டி வரும். மணல் வீதியில் இரண்டு தரம் விழுந்தபின் அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

சாதாரணக் காரில் கிளச் என்றொரு மிதி உண்டு. அதை இடது காலால்தான் மிதிக்கவேண்டும். கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அது வேண்டும். மின்சாரக் காரில் கிளச் கிடையாது. கியர் மாற்றும் வேலையும் கிடையாது. இரண்டே மிதிகள். ஒன்று ஓட, ஒன்று நிற்க. இரண்டையும் வலது கால் பார்த்துக்கொள்ளும். இடது கால் சும்மா இருக்கலாம். (ஓட்டோமற்றிக் பெற்றோல் காரிலும் இந்த வசதி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

2019 இல் தம்பி அனுப்பிய காசோடு என் சேமிப்பையும் போட்டு, ஜப்பானில் ஓடிக் களைத்துப் பின் இங்கே வந்து இன்னொருவரிடம் ஓடிய ஒரு சின்ன மின்சாரக் காரை வாங்கினேன். கடன் எடுக்கவில்லை. காரைப் பழகுவதற்குப் போன முதலாவது இடத்தில், "உங்களுக்கு ஏன் அம்மா கார்? ஆரையும் பிடிச்சு ஓடுவியுங்கோவன்" என்றார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு வயதான ஐயா, "வலது கால் நல்லா வேலை செய்யுதோ பிள்ளை? அப்ப ஏறு" என்றார். அந்த ஒரு சொல் போதும், நான் பழகிவிட்டேன்.

செயற்கைக் காலுள்ள சகோதரிகள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். அங்கே உங்கள் நிலையை மறைக்கவேண்டாம். செயற்கைக் காலோடு போய், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மறைத்து எடுத்த பத்திரம் ஒரு விபத்து நடந்தால் உங்களுக்கே எதிராகத் திரும்பும். வலது காலை இழந்தவர்களுக்கு, இடது காலாலோ கையாலோ ஓட்டும் வகையில் காரில் மாற்றம் செய்ய முடியும். அதைத் தெரிந்தவர்களைக் கொண்டே செய்யவேண்டும்.

அன்று பற்றறிக்குத் தடை

எங்கள் தலைமுறைக்குப் பெற்றோல் என்ற சொல்லே ஒரு நினைவைக் கொண்டுவரும். 1990 க்குப் பின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்குக்குப் பெற்றோல் வராது, டீசல் வராது, ரோர்ச் பற்றறி கூட வராது. பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. 'சூப்பி' என்று ஒரு சின்னப் போத்தலில் சில துளி பெற்றோல் வைத்திருப்பார்கள். அதைக் காபரேற்றருக்குள் பீச்சி இயந்திரத்தை இயக்கியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் மணமும் ஊரைத் தூக்கும். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றுவோம். படிக்க ஜாம் போத்தல் விளக்கு.

எண்ணெய் ஊருக்குள் வரும் பாதையை ஒருவர் மூடிவிட்டால் வாழ்க்கை எப்படி நின்றுபோகும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று ரோர்ச் பற்றறிக்கே தடை. இன்று என் வீட்டு வேப்பமரத்தின் கீழ் ஒரு கார் முழுவதுமாகப் பற்றறியில் ஓடுகிறது. என் அப்பா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

2022 இல் ஓர் இரவு

தடைக் காலம் முடிந்தது என்று நினைத்திருந்தோம். 2022 இல் நாடு முழுவதும் பெற்றோல் வரிசையில் நின்றது. ஜூன் 26 ஆம் திகதி ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவாகியது. அதையடுத்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. ஓட்டோ ஓட்டும் அண்ணன்மார் வரிசையிலேயே படுத்தெழும்பினார்கள். பெண்களின் பாடு இன்னும் மோசம். மலசலகூட வசதி இல்லாமல், இடையில் புகுபவர்களோடு வாக்குவாதப்பட்டு, பிள்ளைகளை வீட்டில் தனியே விட்டுவிட்டு நின்றார்கள்.

அந்த நாட்களில் ஓர் இரவு, இரண்டு மணி இருக்கும், என் படலையில் யாரோ தட்டினார்கள். போர் முடிந்து இத்தனை வருடமாகியும் இரவில் படலை தட்டினால் கை நடுங்கத்தான் செய்கிறது. "அக்கா, நான்தான். மருமகளுக்கு வருத்தம் தொடங்கீட்டுது. அம்புலன்சுக்குச் சொல்லியாச்சு, தூரத்திலயிருந்து வரவேணுமாம். ஓட்டோக்காரத் தம்பியிட்டைப் பெற்றோல் இல்லை. உங்கட கார் ஓடுமோ?" என்று அயல்வீட்டு அம்மா அழுதுகொண்டு கேட்டார்.

அதுவரை நான் இரவில் கார் ஓட்டியதில்லை. செயற்கைக் காலைக் கழற்றிவைத்துவிட்டுப் படுத்திருந்தேன். அதை மாட்டிக்கொண்டு வந்து காரைப் பார்த்தேன். நாற்பது வீதம் சார்ஜ் காட்டியது. மின்வெட்டு நேரம் முடிந்தபின் வழமைபோல் செருகிவிட்டிருந்தேன், பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் இடையில் பத்துக் கிலோமீற்றருக்குள்தான். நாற்பது வீதம் போய்வரத் தாராளம்.

"ஏறுங்கோ" என்றேன். வேறொன்றும் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பிள்ளை பின் சீற்றில் மாமியாரின் கையைப் பிடித்தபடி கிடந்தாள். கார் இரையவில்லை, குலுங்கவில்லை. அவள் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. வீதியில் ஒரு வாகனம் கிடையாது. விடிய முன்னர் பெண் குழந்தை பிறந்தது. அந்தப் பிள்ளை இப்போது என் தையலறைக்கு வந்து துணி வெட்டுகளைப் பொறுக்கிப் பொம்மைக்குச் சட்டை கேட்பாள்.

மின்சாரக் கார் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்குமென்று எனக்குத் தெரியாது. அம்புலன்ஸ் நேரத்துக்கு வந்துமிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழி இருந்தது. வீட்டிலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ளக்கூடிய வண்டி என்றால் என்ன என்பதை அன்றுதான் நான் சரியாக விளங்கிக்கொண்டேன்.

மின்சாரமும் இல்லாவிட்டால்?

நியாயமான கேள்வி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுவதும் மின்சாரம் போனது. 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்தபோதும் பல இடங்களில் மின்சாரம் இல்லை. எனவே மின்சாரக் கார் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 13 மணித்தியாலம் வெட்டினாலும் மிச்சம் 11 மணித்தியாலம் உண்டு. பெற்றோல் வராவிட்டால் நாட்கணக்கில் வராது. புயல், மழைச் செய்தி கேட்டால் நான் முதலில் செய்வது, காரை நிறையச் சார்ஜ் செய்து மேட்டில் நிறுத்துவதுதான்.

செலவு எவ்வளவு குறையும்?

"பெற்றோல் செலவே இல்லை" என்று விற்பவர் சொல்வது சரி. ஆனால் மின்சாரச் செலவு உண்டு. அதை அவர் சொல்லமாட்டார். கணக்கை நாங்களே போட்டுப் பார்ப்போம்.

சின்ன மின்சாரக் கார் ஓர் அலகு மின்சாரத்தில் ஏறக்குறைய 6 கிலோமீற்றர் ஓடும். சின்னப் பெற்றோல் கார் எங்கள் வீதியில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 12 கிலோமீற்றர் ஓடும். மாதம் 600 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

பெற்றோல் காருக்கு 50 லீற்றர் வேண்டும். மின்சாரக் காருக்கு 100 அலகு. சார்ஜ் செய்யும்போது சூடாகிக் கொஞ்சம் வீணாகும். ஆகவே 115 அலகு என்று எடுங்கள். பேச்சுக்கு ஒரு லீற்றர் 300 ரூபா, ஓர் அலகு 60 ரூபா என்று வைத்தால், பெற்றோலுக்கு 15,000 ரூபா, மின்சாரத்துக்கு 6,900 ரூபா. பாதிக்கும் குறைவு. இரண்டு விலையும் அடிக்கடி மாறுவதால், நீங்கள் வாசிக்கும் மாதத்து விலையைப் போட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு சங்கதி இருக்கிறது. வீட்டு மின்சாரத்தில் அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் கூடும். மாதம் 50 அலகு எரிக்கும் வீட்டில் காருக்கு 115 அலகு சேர்ந்தால், நீங்கள் இதுவரை மலிவாக எரித்த விளக்குக்கும் மின்விசிறிக்கும் கூட விலை ஏறும். ஆகவே பழைய பில்லில் உள்ள விலையால் பெருக்காமல், 165 அலகுக்கு மொத்தப் பில் எவ்வளவு வருமென்று உங்கள் பகுதி மின் அலுவலகத்தில் கேளுங்கள். நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் அறவிடும் முறை உங்களுக்குக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். அந்த முறையில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை விலை கூடிய நேரம், இரவு 10.30 முதல் காலை 5.30 வரை விலை குறைந்த நேரம். எந்த முறையாக இருந்தாலும் நான் படுக்கப் போகும்போதுதான் செருகுவேன். அந்த நேரம் மின்சாரத்தின் அழுத்தமும் எங்கள் பக்கத்தில் சீராக இருக்கும்.

கராச் செலவும் குறைவு. இயந்திர ஒயில் மாற்றவேண்டியதில்லை. பிளக், எயர் ஃபில்ரர், கிளச் பிளேற், சைலன்சர் ஒன்றுமில்லை. காலை எடுத்தால் மோட்டார் தானே காரை மெதுவாக்கி, அந்த ஓட்டத்திலிருந்து கொஞ்ச மின்சாரத்தைப் பற்றறிக்குத் திருப்பி அனுப்பும். அதனால் பிறேக் கட்டையும் மெல்லத்தான் தேயும். ரயர், பிறேக் எண்ணெய், வைப்பர் இவற்றுக்கு மற்றக் கார் போலவே செலவு உண்டு. பெரிய பற்றறியைத் தவிர 12 வோல்ற் சின்னப் பற்றறி ஒன்றும் இருக்கும். அது செத்தால், பெரிய பற்றறி நிறைய இருந்தாலும் கார் எழும்பாது. ஒருநாள் நான் இது தெரியாமல் பதறி, கார் முடிந்துவிட்டதென்று அழவே தொடங்கிவிட்டேன்.

சத்தமில்லாததும் ஒரு நன்மைதான். அயலில் ஒரு பழைய உழவு இயந்திரம் இடையிடையே வெடித்தாற்போல் சத்தமிடும். அப்போதெல்லாம் என் அம்மா தலையைக் குனிந்துகொள்வார். என் காரில் அவர் நித்திரை கொள்வார். ஆனால் வீதியில் போகும் பிள்ளைக்கும் மாட்டுக்கும் கார் வருவது கேட்காது. பள்ளிக்கூட வாசலில் நான் மாட்டுவண்டி வேகத்தில்தான் போவேன்.

சுற்றாடலுக்கு நல்லதா என்றும் கேட்பார்கள். காரிலிருந்து புகை வராது, உண்மை. ஆனால் மின்சாரத்தின் ஒரு பங்கு நுரைச்சோலையில் நிலக்கரி எரித்து வருகிறது. நீர், காற்று, சூரியன் இவற்றிலிருந்து வரும் பங்கு கூடக் கூட, எங்கள் காரும் தானாகவே சுத்தமாகும்.

பளையில் நான் கற்ற பாடம்

இனி என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லவேண்டும். 2023 இல் யாழ்ப்பாணம் போனேன். எங்கள் வீட்டிலிருந்து அறுபது கிலோமீற்றருக்கு மேல். அப்போது என் கார் நிறையச் சார்ஜ் செய்தால் எழுபத்தைந்து கிலோமீற்றர்தான் ஓடும். சின்னம்மா வீட்டில் செருகிவிட்டு வேலையை முடிப்பேன். அன்று இடையில் மின்சாரம் நின்றுபோய், மூன்றில் இரண்டு பங்குதான் ஏறியது. "நிண்டு போவன் பிள்ளை" என்று சின்னம்மா சொன்னார். நான் கேட்கவில்லை. வழியில் மழை. விளக்கு, வைப்பர், கண்ணாடிப் புகார் போக ஏசி. எல்லாம் பற்றறியைத் தின்றன. கொடிகாமம் தாண்டும்போதே கணக்குப் பிழைத்துவிட்டதென்று விளங்கியது. பளையில் ஆமை போல் ஒரு படம் எரிந்தது. அதற்குமேல் ஓடாது என்று அர்த்தம்.

ஒரு தேநீர்க் கடை முன் நிறுத்தினேன். கடை அம்மாவிடம் கூச்சத்தோடு கேட்டேன். "ஃபோன் சார்ஜ் போடுறதுக்குக் கேக்கிறவை. கார் சார்ஜ் போடக் கேட்ட முதல் ஆள் நீதான்" என்று சிரித்துவிட்டு வயரைக் கொடுக்கச் சொன்னார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தேன். மழை விட்டபின், தூரத்தில் புலோப்பளைக் காற்றாலைகள் சுற்றுவது தெரிந்தது. காற்றிலே இவ்வளவு மின்சாரம், எனக்கு நாலு அலகு இல்லையே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஏறிய நாலைந்து அலகோடு, ஏசி போடாமல், மெதுவாக ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன். கடை அம்மா காசு வாங்கமாட்டேன் என்றார். தேத்தண்ணிக் கணக்கோடு சேர்த்து வைத்துவிட்டு வந்தேன்.

பாடம் இதுதான். மின்சாரக் கார் எவ்வளவு ஓடும் என்பது கார் புதிதாக இருந்தபோது எழுதப்பட்ட கணக்கு அல்ல. உங்கள் காரின் பற்றறி இன்று எவ்வளவு பிடிக்கிறது என்பதுதான் கணக்கு. அதிலும் மூன்றில் ஒரு பங்கைக் கைகாவலாக வைத்துக்கொண்டே பயணத்தைத் திட்டமிட வேண்டும். ஊருக்குள் ஓட என் கார் தங்கம். தூரப் பயணத்துக்கு இன்றும் பஸ்தான்.

வாங்க முன் பார்க்கவேண்டியவை

முதலாவது, பற்றறி. பழைய மின்சாரக் காரின் விலையில் பெரும்பகுதி பற்றறிதான். மீற்றரில் பற்றறியின் வலிமையைக் காட்டும் கட்டங்கள் சில கார்களில் இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பவேண்டாம். பற்றறியைச் சோதிக்கும் கருவி வைத்திருப்பவரை அழைத்துச் சென்று பாருங்கள். பின் நிறையச் சார்ஜ் செய்த காரை விற்பவரையும் ஏற்றிக்கொண்டு 30 கிலோமீற்றர் ஓடிப் பாருங்கள். பாதிக்கு மேல் சார்ஜ் இறங்கினால் அந்தக் கார் நிறைய அறுபதுக்கும் குறைவாகத்தான் ஓடும். "பற்றறியை மாத்தினாச் சரி" என்று சொன்னால், மாற்றும் விலையை எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, வீட்டு வயரிங். வீடமைப்புத் திட்டங்களில் கட்டிய பல வீடுகளின் வயரிங் விளக்குக்கும் மின்விசிறிக்கும் கணக்கிட்டுப் போட்டது. கார் எட்டு, ஒன்பது மணித்தியாலம் விடாமல் மின்சாரத்தை இழுக்கும். மெல்லிய வயர் சூடாகி உருகும். தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு, பிரதான பலகையிலிருந்து தனி வயர், தனி சுவிச், நல்ல எர்த், ரிப் சுவிச் இவற்றைப் போடுவியுங்கள். நீட்டு வயரில் செருகவேண்டாம். செருகி அரை மணித்தியாலத்தின் பின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடென்றால் உடனே நிறுத்துங்கள். இடி மின்னல் நேரத்தில் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவது, பராமரிப்பு. பற்றறியை எப்போதும் நூறு வீதத்தில் வைத்திருக்கவும் வேண்டாம், பூச்சியத்துக்கு விடவும் வேண்டாம். அன்றாட ஓட்டத்துக்கு இருபதுக்கும் எண்பதுக்கும் இடையில் வைத்தால் நீண்டகாலம் உழைக்கும். வெயில் பற்றறிக்குப் பகை. நிழலில் நிறுத்துங்கள். செம்மஞ்சள் நிற வயர்களில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் ஓடுகிறது. பழக்கமில்லாத கராச்சில் அதைத் தொட விடவேண்டாம்.

நான்காவது, காப்புறுதி. 'தனிப்பட்ட பாவனை' என்று எழுதிய காப்புறுதியோடு கூலிக்கு ஓடினால், விபத்து நடக்கும்போது நட்டஈடு கிடைக்காமல் போகலாம்.

புதிய கார் வாங்கலாமே என்பீர்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மறுபடி திறக்கப்பட்டது. புதிய மின்சாரக் கார்கள் வந்திருக்கின்றன. மோட்டாரின் கிலோவாற் அளவை வைத்து வரி அறவிடுகிறார்கள். ஆனால் விலை எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டும் விலையல்ல.

அந்தத் தங்கைக்கு என் பதில்

தங்கச்சி, உங்கள் கணக்கையே எடுப்போம். எட்டுப் பிள்ளைகளுக்கு மாதம் 40,000 ரூபா. ஆனால் பள்ளிக்கூடம் வருடம் முழுவதும் நடக்காது. விடுமுறைகளைக் கழித்தால் பத்து மாதம் என்று எடுங்கள். வருடத்துக்கு 400,000 ரூபா. லீசிங் விடுமுறை பார்க்காது. 38,000 ரூபா வீதம் பன்னிரண்டு மாதம், 456,000 ரூபா. மின்சாரம், ரயர், காப்புறுதி ஒன்றும் சேர்க்காமலே 56,000 ரூபா குறைகிறது. அதுவும் ஒரு பிள்ளைகூட நிற்காமல், ஒரு நாள்கூடக் கார் பழுதாகாமல் இருந்தால்தான்.

இன்னொன்று, சின்னக் காரில் உங்களைத் தவிர நாலு பேருக்குத்தான் இருக்கை. எட்டுப் பேரை ஒரே தடவையில் அடைக்கக்கூடாது. இரண்டு தடவை ஓடவேண்டும். அப்போது மின்சாரச் செலவும் இரட்டிப்பு, பற்றறி தாங்குமா என்பதும் கேள்வி.

நுண்கடனால் எங்கள் பெண்கள் பட்டதை நாங்கள் மறக்கவில்லை. 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வரவேண்டியிருந்தது என்றால், நிலைமை எவ்வளவு மோசமாக இருந்திருக்கும்! கார் ஒவ்வொரு வருடமும் தேயும். காணி தேயாது. தேயும் பொருளுக்காகத் தேயாத பொருளைப் பிணை வைக்கவேண்டாம். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்து மிதித்த மண் அது.

ஆனால் உங்கள் ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. உங்களுக்கு இரண்டு கால்களும் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஒரு மின்சார ஸ்கூட்டரில் தொடங்கலாம். அதைச் சாதாரண பிளக்கில் சார்ஜ் செய்யலாம், விலையும் காரைப்போல் இல்லை. அதிலே மரக்கறியோ தின்பண்டமோ கொண்டுபோய் விற்று, ஒரு வருடம் கணக்கு எழுதிப் பாருங்கள். பள்ளிக்கூடச் சேவைதான் விருப்பமென்றால், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கதைத்து நாலு பேர் சேர்ந்து வாங்க வழியுண்டா என்று பாருங்கள். நாலு பேர் சேர்ந்தால் ஒருவரின் காணி போகாது. பழுது வந்தால் சுமையும் நாலாகப் பிரியும். எல்லாவற்றுக்கும் முன்னால் கார் ஓட்டப் பழகி அனுமதிப்பத்திரத்தை எடுத்துவிடுங்கள். அதை யாரும் அடகு கேட்கமாட்டார்கள். வாய்ப்பு வரும் நாளில் நீங்கள் ஆயத்தமாக இருப்பீர்கள்.

கையில் உள்ள காசுக்கு, கடன் இல்லாமல், பற்றறி நல்ல நிலையிலுள்ள கார் ஒன்று கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். சோதித்துப் பார்க்க நானே பஸ் ஏறி வருகிறேன். என் காரில் வரமுடியாது. வந்தால் திரும்பிப் போக உங்கள் வீட்டுப் பிளக்தான் வேண்டும்!

சகோதரிகளே, உங்கள் ஊரில் மின்சார வாகனம் ஓட்டும் பெண்கள் இருந்தால் அவர்களின் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள். நல்லதையும் எழுதுங்கள், பட்ட கஷ்டத்தையும் எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.